அனைவரும் தப்பிக்கக்கூடிய ஆட்டம்: ஜப்பானியச் சூதாட்ட மங்காவில் 1996ஆம் ஆண்டின் திருப்பம்

ஜப்பானிய வெகுசனக் கதைகளை ஆராய்பவர் எவரும் ஊனோ ட்சுனெஹிரோவுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. 2008இல் ஹயகாவா பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல் 'ஸீரோ நென்தாய் நோ ஸோஸோர்யோகு'. 2000களின் கற்பனை என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். 1990களின் நாயகன் உலகுக்கு அஞ்சித் தனக்குள் ஒடுங்கியவன். 'எவாஞ்சலியன்' அனிமே தொடர் அந்த மனநிலையின் உச்சம். 2001ஐ ஒட்டி, செப்டம்பர் 11 தாக்குதலும் கொய்சுமி அரசின் சீர்திருத்தங்களும் வந்த பிறகு, ஒடுங்கியிருந்தால் பிறர் நம்மை விழுங்கிவிடுவர் என்ற அச்சம் பரவியது. ஆகவே புதிய நாயகன், சரியோ தவறோ, ஒரு முடிவெடுத்துப் பிறரை வீழ்த்தி வாழ்கிறான். தகாமி கோஷுனின் 'பேட்டில் ராயல்' நாவல் (1999) இதற்கு முன்னோடி. 'டெத் நோட்' மங்கா (2003–2006) இதன் முழு வடிவம். இதுவே ஊனோவின் வாதம்.

அந்த வாதத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. 'டெத் நோட்'டுக்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் அந்தச் சட்டகம் வாசகர்களிடையே மெல்லப் பரந்து, உளவியல் சூதாட்ட மங்காக்களையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. 'காய்ஜி', 'லையர் கேம்', 'உசோகுயி', 'ககேகுருய்' எல்லாம் இன்று ரசிகர் பேச்சில் 'உயிர்பிழைப்பு ஆட்டம்' என்ற ஒரே அடுக்கில் நிற்கின்றன. இதைத்தான் ஏற்க முடியவில்லை. ஃபுகுமோட்டோ நொபுயுகியின் 'காய்ஜி' கோதான்ஷாவின் 'யங் மேகசின்' வார இதழில் தொடங்கியது 1996இல். கோதான்ஷா மங்கா விருது பெற்றது 1998இல். 'பேட்டில் ராயல்' அப்போது அச்சேறவே இல்லை. ஆண்டுக்கணக்கை மட்டும் காட்டினால், 'சரி, காய்ஜியும் ஒரு முன்னோடி' என்று ஊனோவின் தரப்பு எளிதாக விடை சொல்லிவிடும். ஆகவே ஆண்டை விட்டுவிட்டு ஆட்டத்தின் விதிகளுக்கே போக வேண்டியிருக்கிறது.

அதற்குமுன் பின்னணி பற்றி ஓரிரு சொல். இரோகாவா தகேஹிரோ, அசாதா தெட்சுயா என்ற புனைபெயரில் 1969 முதல் எழுதிய 'மாஜான் ஹோரோகி' என்ற மாஜாங் சூதாட்ட நாவலில் வெல்பவன் கைத்திறன் உடையவன். போருக்குப் பிந்தைய தோக்கியோவில், எதிராளி கண்ணிமைக்கும் நேரத்தில் காய்களை மாற்றத் தெரிந்தவன். 1970களில் பெருகிய மாஜாங் இதழ்களும் அந்த மரபிலேயே வளர்ந்தன. ஃபுகுமோட்டோவின் 'தென்', அதிலிருந்து கிளைத்த 'அகாகி' ஆகியவை 'கிந்தாய் மாஜான்' வகை இதழ்களில் வந்தவை. இவற்றுக்கெல்லாம் பொதுவானது ஒன்று: மாஜாங் தெரியாதவருக்கு அந்தப் பக்கங்கள் பாதி ஊமை.

'காய்ஜி'யின் முதல் ஆட்டம் அத்தகைய வாசகருக்கும் கதவைத் திறந்தது. கல்–காகிதம்–கத்தரி தெரியாத குழந்தை ஜப்பானில் இல்லை. 'எஸ்புவார்' என்ற கப்பலில், கடனில் மூழ்கியவர்கள் அதைச் சீட்டுகளால் ஆடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 12 சீட்டுகள், வகைக்கு 4. ஒவ்வொருவருக்கும் 3 நட்சத்திரங்கள். தோற்றவர் வென்றவருக்கு ஒரு நட்சத்திரம் தரவேண்டும். ஆடிய சீட்டு திரும்பக் கிடைக்காது. அரங்கில் இன்னும் எந்த வகைச் சீட்டு எத்தனை மீதம் என்பதை மின்பலகை காட்டிக்கொண்டே இருக்கும். 4 மணி நேரத்துக்குள் 12 சீட்டையும் தீர்த்து, குறைந்தது 3 நட்சத்திரத்தோடு நிற்பவரின் பழைய கடன் தள்ளுபடி.

இந்த விதிகளில் ஒன்றை ஆய்வாளர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் எண்ணம். சமனில் முடிந்த ஆட்டத்திலும் சீட்டு செலவாகிவிடும். நட்சத்திரம் மட்டும் கைமாறாது. அப்படியானால் இருவர் பேசிவைத்துக்கொண்டு கல்லுக்குக் கல், காகிதத்துக்குக் காகிதம் என்று 12 முறையும் சமனில் முடித்தால், இருவரும் 3 நட்சத்திரத்தோடு கரையேறலாம். ஆட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒருவர் தனித்துவிடுவாரே என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. மூவரை ஒரு குழுவாக்கி, அவர்களுக்குள் அமையும் மூன்று இணைகளும் வகைக்கு 2 வீதம் 6 முறை சமன் செய்தால், மூவரின் 12 சீட்டுகளும் மிச்சமின்றித் தீரும். ஆக, கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் ஒருவர்கூடத் தோற்காமல் விடுதலை பெற இந்த விதிகள் இடம் தருகின்றன. 'பேட்டில் ராயல்' தீவில் இது முடியாது. ஒருவர் தவிர மற்றவர் சாக வேண்டும் என்பதே அங்கே விதி. இவ்விரண்டையும் ஒரே கற்பனையின் இரு நிலைகளாக எப்படிக் கொள்வது?

ஊனோவின் தரப்பிலிருந்து வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கதையில் இந்தச் சமன் உடன்பாட்டை முன்மொழிபவன் ஃபுனாய் என்ற சக ஆட்டக்காரன். அதையே தூண்டிலாக வீசி நாயகன் காய்ஜியை ஏமாற்றுகிறான். பின்னர் காய்ஜி சேர்த்துக்கொள்ளும் கூட்டாளிகளும் அவனைக் கைவிடுகிறார்கள். ஒத்துழைப்பு என்பது ஏமாளிகளின் கனவு என்றுதானே கதை சொல்கிறது? நான் அப்படிப் படிக்கவில்லை. தூண்டிலில் உண்மையான இரை இருந்தால்தான் மீன் கடிக்கும். ஃபுனாயின் யோசனை விதிப்படி செல்லுபடியாவதால்தான் அது ஏமாற்றாகவே ஆக முடிந்தது. விதி ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது; மனிதர்கள் அதை மூடுகிறார்கள். இந்த ஆட்டத்தின் துயரம் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது. தான் தப்ப வாய்ப்பிருந்தும் இறுதியில் காய்ஜி இஷிதா என்ற சக ஆட்டக்காரரைக் காப்பாற்றுகிறான். பிறரை வீழ்த்துவதே வழி என்று கதை நம்பியிருந்தால் அந்தச் செயலுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

அப்படியானால் பகைவர் யார்? சக ஆட்டக்காரர் அல்லர், வட்டி. கப்பலில் ஏறுபவர் குறைந்தது 10 லட்சம் யென், அதிகம் போனால் 1 கோடி யென் முதலாகக் கடன் வாங்க வேண்டும். வட்டி 10 நிமிடத்துக்கு 1.5 விழுக்காடு, கூட்டு வட்டி. தமிழ்நாட்டில் 'மீட்டர் வட்டி' என்ற சொல்லைக் கேட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 4 மணி நேரத்தில் 24 தவணை, கணக்கிட்டால் 42.95 விழுக்காடு வருகிறது. எல்லோரும் சமனில் முடித்தாலும் இந்த வட்டி மட்டும் நிற்கும்.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சுட்ட விரும்புகிறேன். ஜப்பானில் கடன் நிறுவனங்கள் தண்டனைக்கு ஆளாகாமல் வாங்கக்கூடிய வட்டியின் உச்சவரம்பை முதலீட்டுச் சட்டம் படிப்படியாகக் குறைத்துவந்தது. 1983க்கு முன் ஆண்டுக்கு 109.5 விழுக்காடு; 1991 முதல் 40.004, 2000இல் 29.2; 2010இல் 20. அதாவது 'காய்ஜி' தொடங்கிய 1996இல் நடப்பில் இருந்த வரம்பு 40.004. சட்டம் ஓர் ஆண்டுக்கு அனுமதித்த சுமையை எஸ்புவார் ஒரே இரவின் 4 மணி நேரத்தில் ஏற்றுகிறது. இது தற்செயலா? ஃபுகுமோட்டோ சட்டப் புத்தகத்தைப் பார்த்து இந்த எண்ணை அமைத்தார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. இரண்டு எண்களும் துல்லியமாகப் பொருந்தவும் இல்லை. ஆனால் கதையின் தொடக்கமும் இதே கணக்கு மொழியில்தான் இருக்கிறது. சக ஊழியன் ஒருவனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தால் 3 லட்சம் யென் கடன் 38.5 லட்சமாக வீங்கிக் காய்ஜியின் தலையில் விழுகிறது. மாதம் 20 விழுக்காடு கூட்டு வட்டியில் 14 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ அந்தத் தொகைதான் கிடைக்கும். வட்டியை இவ்வளவு கவனமாகப் பெருக்கிப் பார்க்கும் ஒருவர் கப்பலின் வட்டியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினம். 1996இல் ஜப்பானில் தனிநபர் திவால் மனுக்கள் 56,000ஐத் தாண்டின. 2003இல் 2,42,000ஐத் தாண்டின. ஊனோ 2001ஐ ஒட்டி வைக்கும் கோட்டுக்கு இருபுறமும் தடையின்றி ஏறிக்கொண்டே போனது இந்தச் சுமை.

கடன் மரபு என்று நான் அழைக்கும் இந்தக் கிளை 2000களின் நடுவிலும் தனித்தே ஓடியது என்பதற்குக் கைதானி ஷினோபுவின் 'லையர் கேம்' (2005–2015) சாட்சி. அதன் முதல் சுற்றில் இருவருக்கும் ஆளுக்கு 10 கோடி யென் தரப்படுகிறது. எதிராளியின் பணத்தை எப்படியாவது கைப்பற்றலாம். முடிவில் 10 கோடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருவரும் ஒன்றுமே செய்யாதிருந்தால் இருவருக்கும் இழப்பில்லை. நாயகி கன்ஸாகி நாவோ அதைத்தான் சுற்றுக்குச் சுற்று மன்றாடிச் சொல்கிறாள். எஸ்புவாரில் ஃபுனாயின் வாயில் பொய்யாக ஒலித்த யோசனை, 9 ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணின் வாயில் உண்மையாக ஒலிக்கிறது. ஊனோவின் காலவரிசைப்படி மிகக் கொடிய போட்டிக் கதை எழுந்திருக்க வேண்டிய ஆண்டு அது.

இரு கிளைகளும் ஒன்றாகத் தோன்றத் திரைப்படம் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 'பேட்டில் ராயல்' (2000), 'டெத் நோட்' (2006), 'காய்ஜி' (2009) ஆகிய மூன்று படங்களிலும் நாயகன் ஃபுஜிவாரா தத்சுயா. ஒரே முகம் மூன்று கதைகளையும் உடன்பிறப்புகளாக்கிவிட்டது. 1996இல் பிறந்த கதை 2009இன் வெளிச்சத்தில் பின்னோக்கிப் படிக்கப்பட்டது. பிறகு வந்த தென்கொரியத் தொடர் 'ஸ்க்விட் கேம்' (2021) இரு கிளைகளையும் உண்மையிலேயே பிணைத்தது: கடனாளிகள், கூடவே சாவு. அதன் இயக்குநர் ஹ்வாங் தோங்–ஹ்யூக் இந்த மங்காக்களைப் படித்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

தீராத முடிச்சு ஒன்று மிஞ்சுகிறது. 'அகாகி'யில் வாஷிஸு என்ற செல்வக் கிழவரோடு நடக்கும் ஆட்டத்தில், ஒரே வகையான 4 மாஜாங் காய்களில் 3 கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுபவை. எதிராளியின் கையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். எஸ்புவாரின் மின்பலகையும் இந்தக் கண்ணாடிக் காய்களும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள்: மறைத்து ஏமாற்றும் ஆட்டத்திலிருந்து, தெரிந்தும் ஏமாறும் ஆட்டத்துக்கு நகர்வது. இரண்டும் 1990களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. கப்பலிலிருந்து மாஜாங் மேசைக்கு அந்த எண்ணம் வந்ததா, மேசையில் முன்பே கருவாக இருந்து கப்பலில் வெளிப்பட்டதா என்பதை இதழ்களில் வந்த வரிசையை மட்டும் வைத்து முடிவுகட்ட நான் துணியமாட்டேன். இரண்டு தொடர்களையும் ஒரே கை ஒரே காலத்தில் வரைந்துகொண்டிருந்தது.