காணாமல் போன 'இ'

போன எபிசோடில் கொற்கை முத்து பற்றிப் பேசினோம். இன்றைக்கும் அதே கரைதான், ஆனால் சரக்கு வேறு: எழுத்து.

எங்க பெரியப்பா 1961-ல் தூத்துக்குடி முத்துச் சலாபத்தில் கணக்கு எழுதினவர். எந்தத் தோணி, அதில் யார் யார், எவ்வளவு சிப்பி என்பதெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. அதற்குப் பிறகு நம்ம கரையில் சலாபமே இல்லை. 1999 வாக்கில், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அண்ணன் அந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தார். நோட்டு கரையானுக்குப் போய்விட்டது, பெரியப்பாவும் இல்லை. மிச்சம் ஒரே ஒரு கோப்பு. திறந்தால் லத்தீன் எழுத்துக் குப்பை.

அதனால் ஹெக்ஸ் எடிட்டரில் போட்டேன். கோப்பின் பைட்டுகளை அப்படியே 16 அடிமான எண்ணில் காட்டும் கருவி அது. முதலில் நகல் எடுத்துக்கொண்டேன். இம்போர்ட் செட்டிங்கில் 'டெக்ஸ்ட்' என்று கொடுக்கவில்லை, மூல பைட்டாக எடுத்தேன். டெக்ஸ்ட் என்றால் சில மென்பொருள்கள் உதவி செய்கிறேன் என்று வரிமுடிவை மாற்றும், புரியாத பைட்டைக் கேள்விக்குறி ஆக்கிவிடும்.

ஓரிடத்தில் பி-ஈ, சி-1, ஏ-2, எஃப்-ஏ என்று நாலு பைட். அது 'தமிழ்'. ஆக, இது டிஸ்கி. 90-களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய குறியேற்றம். இதே சொல்லுக்கு இன்றைய யுடிஎஃப்-8-ல் 15 பைட் ஆகும்.

'கொற்கை'யைப் பாருங்க. டிஸ்கியில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஈய எழுத்து அச்சுக் கோத்தவர்கள் கை போன வரிசை. யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. வரிசையை மாற்றாமல் எக்ஸ்போர்ட் பண்ணினால், பார்க்க ஏதோ சரி மாதிரி இருக்கும், தேடினால் கிடைக்காது.

இந்தத் தொல்லை நம்ம கரைக்குப் புதுசு இல்லை. 1554-ல் லிஸ்பனில் தமிழ் முதன்முதலாக அச்சேறியபோது தமிழ் எழுத்தே இல்லை, ரோமன் எழுத்தில்தான் போட்டார்கள். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்ற அட்டவணை தலையில் இருந்தால்தான் படிக்க முடியும். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' வந்தது. அதன் பின்னால் இருந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ், நம்ம ஊர்க்காரர்களுக்கு அண்டிரிக் அடிகளார். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு இருந்து, 1600-ல் புன்னைக்காயலில் இறந்தவர். ஆனால் அந்த அச்சில் புள்ளி கிடையாது, ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. ஓலையில் எழுதின வழக்கம் அப்படியே அச்சுக்கும் வந்தது. 'கொடு'வா 'கோடு'வா என்பதைப் படிக்கிறவர்தான் தீர்மானிக்கணும்.

பெரியப்பா கோப்பை மாற்றி முடித்தபோது எனக்கும் அதே நிலைமை. கோப்பு முழுக்க ஒரு 'இ' கூட இல்லை! பழைய டிஸ்கியில் 'இ'க்குக் கொடுத்த இடம் ஏ-டி. அந்த இடம் லத்தீன் குறியேற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத மென் இணைப்புக்கோடு, பல மென்பொருள்கள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 1.7 பதிப்பில் 'இ'யை எஃப்-ஈ-க்கு மாற்றினார்கள். எங்க கோப்பு அதற்கு முந்தினது.

'ப்பி' என்று இருந்தால் 'இப்பி' என்று போட்டுவிடலாம், சிப்பிக்குப் பழைய பெயர். 'ல்லை'யும் பிரச்சனை இல்லை. மாட்டிக்கொண்டது ஆள் பெயர்களில். தோணிப் பட்டியலில் 'ராயப்பன்' என்று மூன்று இடத்தில் வருகிறது. பெரியப்பா எழுதினது 'ராயப்பன்' தானா, 'இராயப்பன்' தானா? ரெண்டும் நம்ம கரையில் உண்டு. ஒரே ஆளா, ரெண்டு பேரா என்பதுகூட இதில்தான் தொங்குகிறது.

நான் அதைத் தொடவில்லை. 'ராயப்பன்' என்றே விட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, மூல பைட்டுகளைத் தனி ஹெக்ஸ் டம்ப்பாக எக்ஸ்போர்ட் பண்ணி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு புன்னைக்காயல் போகிறேன். 61-ல் கடலில் முங்கினவர்கள் இன்னும் ரெண்டு மூணு பேர் இருக்கிறார்கள் என்கிறார்கள்.