சுபேதார் சுப்பிரமணியனும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியும்

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் நாங்கள் வீடு வீடாகப் போகும்போது அங்கங்கே ஒரு ‘பட்டாளத்தார் வீடு’ எதிர்ப்படும். தாத்தா பட்டாளத்தில் இருந்தாராம். எந்தப் பட்டாளம், எந்த நாடு, எந்த வருஷம் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘பர்மா’ என்பார் ஒருவர். ‘வெள்ளைக்காரன் காலம்’ என்பார் இன்னொருவர். சில வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் மடிப்பில் கிழிந்த ஒரு தாளும் கறுத்துப்போன பதக்கமும் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளமும் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தன. அப்போது சில வீடுகளில் அந்தப் பெட்டியும் போய்விட்டது.

காகிதம் போனால் ஒரு மனிதரின் வரலாறே போய்விடும் என்பதற்காகத்தான், காகிதம் மிஞ்சிய ஒருவரின் கதையை இங்கே சொல்கிறோம்.

சுபேதார் சுப்பிரமணியன் 1912இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கீழ ஒட்டிவாக்கம் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்தக் கிராமம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவரை வேற்று மாவட்டக்காரர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை திருவொற்றியூரும் எண்ணூரும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பஞ்சாலையிலும் கூலிவேலை தேடி வடசென்னைக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மாவட்டத்துச் சேரிகளே பூர்வீகம்.

அந்தச் சேரிகளில் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை 1891இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதி வைத்திருக்கிறார். உழுகிற நிலம் மட்டுமல்ல, குடிசை போட்டிருக்கும் மனைகூட ஆதிதிராவிடருக்குச் சொந்தமில்லை. மிராசுதாரை எதிர்த்துக்கொண்டால் குடியிருப்பே பறிபோகும். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. காகிதத்தில் வந்த நிலம் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. அப்படிப்பட்ட ஊரைவிட்டு வெளியேற அன்று சில வழிகளே இருந்தன: பட்டணத்துக் கூலி, கப்பலேறிப் போகும் தோட்டக்கூலி, பட்டாளம்.

பட்டாளத்துக்கு வருவோம். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையின் தொடக்கம் 1780 செப்டம்பர் 30. புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு கம்பெனிகளாக அது உருவானது. ராயபுரத்திலிருந்து மெரினாவுக்குப் போகிறவர்கள் தினமும் பார்க்கும் அதே கோட்டைதான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, சுரங்கம் தோண்டுவது, பின்னாளில் கண்ணிவெடி எடுப்பது அந்தப் படையின் வேலை. பறையர், கிறிஸ்தவர், முஸ்லிம், தெலுங்கர் எல்லோரும் ஒரே கம்பெனியில் கலந்து இருந்தார்கள். படைக்குள் அவர்களுக்கு இருந்த செல்லப்பெயர் ‘தம்பி’. ஊரில் பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாத ஒருவன் அங்கே தம்பி ஆனான். எண்ணி வாங்கும் சம்பளமும் கையெழுத்துப் பழக்கமும் பல குடும்பங்களுக்குப் பட்டாளத்தின் வழியாகத்தான் வந்தன.

இதைப் பொற்காலம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்களைப் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று எழுதியவர். ‘வீர இனம்’ என்ற கோட்பாடு வலுத்த பிறகு மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் இதுவே நடந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஒரு சுபேதார். அண்ணல் பிறந்தது மோவ் ராணுவக் குடியிருப்பில். அவருடைய குழந்தைப் பருவத்திலேயே மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவாக அவர் ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். ஆள் தேவைப்பட்டால் கதவைத் திறப்பார்கள், போர் முடிந்தால் சாத்துவார்கள். இரண்டாம் உலகப் போரில் மறுபடி ஆள் தேவைப்பட்டது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் மறுபடி உயிர்பெற்றது.

சுப்பிரமணியன் சாப்பர்ஸின் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் சுபேதார். இந்தியச் சிப்பாய் ஒருவர் அன்று படிப்படியாக ஏறி அடையக்கூடிய உயர்ந்த பதவிகளில் அது ஒன்று. ஆனால் எத்தனை வருஷம் சேவை செய்த சுபேதாரானாலும், நேற்று வந்த வெள்ளை அதிகாரிக்குக் கீழேதான். 1944 பிப்ரவரி நடுவில் அவருடைய கம்பெனி இணைந்திருந்த 4ஆவது இந்திய டிவிஷன், இத்தாலியில் மான்டே கசினோ மலையைப் பிடிக்கும் முயற்சியில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அதற்குச் சில நாட்கள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகே சுப்பிரமணியனும் அவருடைய ஆட்களும் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார்கள். ஒரு கண்ணி மிதிபட்டு இயங்கிவிட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. ஓடித் தப்பிக்கப் பயன்பட்டிருக்கக்கூடிய அந்த நொடிகளில் சுப்பிரமணியன் கண்ணியின் மேல் விழுந்து படுத்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் இறந்தார். வயது 32ஐத் தாண்டவில்லை.

1944 ஜூன் 30 லண்டன் அரசிதழில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் மோதும்போது காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். மோதலுக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அதற்கு இணையான மரியாதை ஜார்ஜ் கிராஸ். 1945 மார்ச் 3 அன்று தில்லி செங்கோட்டையில் வைஸ்ராய் வேவலின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் சுப்பிரமணியனின் மனைவி. செங்கல்பட்டுக் கிராமத்துப் பெண் ஒருவர் தில்லிவரை போய், கணவனுக்குப் பதிலாக ஒரு வெள்ளிச் சிலுவையோடு திரும்பியிருக்கிறார். பதக்கத்தின் கதையைச் சொல்கிறவர்கள் அந்தத் திரும்பும் பயணத்தைச் சொல்வதில்லை.

‘சுப்பிரமணியன் என்ன சாதி?’ என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கண்ணிவெடி அதைக் கேட்கவில்லை. பிழைத்தவர்கள் என்ன சாதி என்று பார்த்து அவரும் விழவில்லை. ஒரே சோற்றைத் தின்று ஒரே கூடாரத்தில் படுத்தவர்களுக்காக விழுந்தார். பேரரசுக்காகச் செத்தார் என்று வெள்ளைக்காரன் எழுதிக்கொண்டான். பேரரசுக்காகச் செத்தார் என்பதாலேயே நம் தேசிய வரலாறு அவரைத் தூக்கி ஓரமாக வைத்தது. இரண்டுமே அவரைப் பற்றிய உண்மையல்ல. பக்கத்தில் நின்ற மனிதனுக்காகத் தன் உயிரைக் கொடுப்பது எந்தப் பேரரசின் சொத்தும் அல்ல, எந்த ‘வீர இனத்தின்’ ஏகபோகமும் அல்ல.

அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். சுப்பிரமணியனுக்கு ஓர் அரசிதழ்ப் பக்கம் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம். ஊர் திரும்பிய நம் தாத்தாக்கள், உடுப்பைக் கழற்றியதும் அதே சேரிக்கும் அதே தேநீர்க்கடைத் தனிக்குவளைக்கும்தான் திரும்பினார்கள். கப்பலில் உலகம் சுற்றியவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சொல்வதற்கு அவரிடம் கதை இருந்தது. உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஆகவே தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பதக்கத்தைத் துடைக்கும்போது விளிம்பைக் கவனியுங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கலாம். தாள்களை இருபக்கமும் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். போரில் இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் மனைவி பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கைம்பெண்களுக்கு மாநில அரசு மாத உதவித்தொகை தருகிறது. அப்படிப்பட்ட பாட்டி யாராவது உங்கள் தெருவில் உயிரோடு இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அதற்கும் அந்தத் தாள்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளம் வருவதற்குள் அதையாவது செய்துவிடுவோம்.

ஜெய்பீம்.