உருமேனியாவிற் செல்லாது போன வாக்கு

1933இல் யேர்மனியின் நாற்சி அரசு மலிவான வானொலிப் பெட்டியைச் செய்வித்து வீடுதோறும் புகுத்த முனைந்தது. பேசுபவர் யாரென்பதாவது அன்று கேட்போருக்குத் தெரிந்திருந்தது.

உருமேனியாவில் 2024இல் நிகழ்ந்தது வேறு வகை. நவம்பர் 24ஆந் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றிலே, தீவிர வலதுசாரியான கலின் ஜோர்ஜெஸ்கு ஏறக்குறைய 23 வீத வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்வாதிகாரி அன்ரனெஸ்குவை வீரரெனப் போற்றியவர் இவர். தேர்தலுக்கு ஒரு சதமும் செலவிடவில்லை என்றும் அறிவித்தவர். டிக்டொக் தளத்தில் ஏறக்குறைய 25,000 கணக்குகள் வாக்களிப்புக்கு இரு கிழமைகளுக்கு முன்னர் திடீரென விழித்தெழுந்து அவரைப் பரப்பின என உளவுத்துறை ஆவணங்கள் கூறின. டிசம்பர் 6இல், இரண்டாஞ் சுற்றுக்கு இரு நாள் இருக்கையில், அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே செல்லாதாக்கியது. இம்மருந்து எனக்கு உவப்பானதன்று. மனமறிந்து வாக்களித்தவனின் சீட்டும் குப்பைக்கன்றோ போயிற்று?

மறுதேர்தலில் அவர் போட்டியிடத் தடுக்கப்பட்டார். ஆயினும் 2025 மே 4இல் மற்றொரு தீவிர வலதுசாரியான ஜோர்ஜ் சிமியொன் ஏறக்குறைய 41 வீதம் பெற்றார். விலைவாசியும் ஊழலும் மூட்டிய சினம் முன்னரே கனன்றுகொண்டிருந்தது. கள்ளக் கணக்குகள் அதனை ஊதின, அவ்வளவே. மே 18இல் நிக்குசோர் டான் ஏறக்குறைய 54 வீதத்தால் வென்றார். யேர்மனி, இத்தாலி, ஸ்பானியா ஆகிய நாடுகளுக்குப் பிழைக்கச் சென்று அங்கிருந்து வாக்களித்த உருமேனியரிற் பெரும்பாலார் அன்றும் சிமியொனையே தெரிந்தனர்.