திருகுப்புரியும் அதன் மூலமும்

உலோகத் தண்டின்மீது புரி வெட்டுதல் பழந்தொழிலேயாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்துப் பட்டறைகளில் அது பெரும்பாலும் கைத்திறனையே நம்பியிருந்தது. உட்புறத்தே புரி கொண்ட உருக்கு அச்சைத் தண்டின் முனையிற் பொருத்தித் திருகினால் அச்சின் புரி தண்டிற் பதியும். ஆனால் அவ்வச்சின் புரியோ வேறொரு திருகினால் வெட்டப்பட்டது. அத்திருகு மற்றோர் அச்சினாலோ அரத்தினாலோ ஆக்கப்பட்டது. தாயின் வழு சேய்க்கு இறங்கிற்று. அச்சுச் சிறிது சாய்ந்து பற்றினும் புரி தள்ளாடும். ஒரு பொறியைக் கழற்றினால் எந்த ஆணிக்கு எந்தச் சுரை என்று குறியிட்டு வைக்கவேண்டியிருந்தது. குறி தவறின் பெருங்குழப்பமே என ஜேம்ஸ் நாஸ்மித் 1883 இல் வெளிவந்த தம் சுயசரிதையிற் கூறுவர்.

பிழையுள்ள திருகிலிருந்து பிழை குறைந்த திருகு தோன்றுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டோருள் ஹென்றி மோட்ஸ்லி (1771–1831) முக்கியமானவர். வாரத்துக்கு 30 சிலிங் கூலி கேட்டு மறுக்கப்பட்டு, ஜோசப் பிரமாவின் பட்டறையை 1797 இல் விட்டு நீங்கியவர் அவர். (அம்மறுப்பு வரலாற்றுக்கு நன்மையே செய்தது.) சுழலும் மென்பொருள் உருளையொன்றின்மீது சாய்வாக நிறுத்திய கத்தியை அவர் அழுத்தினார், சாய்வின் வழியே கத்தி தானாக நகர்ந்து புரியை வரைந்தது. முன்னைய திருகெதுவும் இதற்கு வேண்டியதில்லை. இவ்வாறு பெற்ற திருகுகளைத் திருத்தி, கடைசற்பொறியில் வழிகாட்டித் திருகாக அமைத்தார். பற்சில்லுகளை மாற்றுவதனால் ஒரே வழிகாட்டியிலிருந்து வெவ்வேறு புரிகளை வெட்ட முடிந்தது. 1800 அளவிற்குரிய அவரது பொறி இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் உள்ளது.

அவர் ஆக்கிய திருகொன்று 5 அடி நீளமும் 2 அங்குல விட்டமும் கொண்டது. அங்குலத்துக்கு 50 புரி. அதன் சுரை 12 அங்குல நீளமுடையது. 600 புரிகள் ஒருங்கே பற்றுகையில் ஒன்று முந்த மற்றொன்று பிந்தும். சுரையோ அவற்றின் சராசரியையே பின்பற்றும். எனினும் நீளத்தோடு சேர்ந்து வளரும் வழுவை இம்முறை நீக்காது. அதனை அளவுகோலோடு ஒப்பிட்டே திருத்தல் வேண்டும்.

மோட்ஸ்லியே முதல்வர் எனல் மிகை. ஜெசி றாம்ஸ்டன் 1770களிலேயே நுண்ணிய திருகுகளை வெட்டினார். அமெரிக்காவில் டேவிட் வில்கின்சன் 1798 இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் கருவியாக்குநரின் தனித்திறனாயிருந்த நுண்மையைப் பொதுப் பட்டறையின் வழக்கமாக்கியவர் மோட்ஸ்லியே.

அவரிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வேர்த், பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்துச் சராசரி கண்டு, 55 பாகைக் கோணமும் ஒவ்வொரு விட்டத்துக்கும் உரிய புரியெண்ணும் கொண்ட முறையை 1841 இல் முன்வைத்தார். அதன்பின் புரியச்சும் தன் மதிப்பை மீளப் பெற்றது. கடைசற்பொறியில் வெட்டிய செம்மையான திருகே இப்போது அதற்குத் தாயாயிற்று. நுண்மை வேண்டுமிடத்து, வழிகாட்டித் திருகின் துணையோடு வெட்டுளி புரியின் பெரும்பகுதியை முதலில் வெட்டும். எஞ்சிய மெல்லிய படையைச் சீவி அளவுக்குக் கொணர்வதே அச்சின் வேலை.