இரத்மலானையில் ஒதுங்கிய தலை

1963 ஜனவரி 26 அன்று கொழும்புக்குத் தெற்கே, இரத்மலானைக் கரையில் நாலரை மீற்றர் நீளமான திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. நீலச்சாம்பல் உடல், ஓங்கில் போன்ற நீண்ட மூஞ்சி. பெண். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, இது உலகம் அறியாத இனம் என்று துணிந்து, அவ்வாண்டிலேயே மெசோபிளோடன் ஹோட்டவுலா என்று பெயரிட்டார்.

மெசோபிளோடன் சாதியில் ஆணுக்குக் கீழ்த்தாடையில் ஒரு சோடிப் பல்தான் வெளியே வரும். பெண்ணுக்கு அதுவும் முரசுக்குள்ளேயே கிடக்கும். ஆனாலும் பட்டினி இல்லை. ஆழத்தில் கணவாயைக் கிட்டியதும் நாக்கைப் பின்னே இழுத்துத் தொண்டையை விரிக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அந்தாட்டிக்காவின் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளில் புதைபடிவமாகக் கிடைத்து 2002இல் பெயர்பெற்ற ஓஸ்ட்ராலோடெல்ஃபிஸ் இதே வழியில்தான் பிழைத்திருக்க வேண்டும். நாற்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்த, பல்லே இல்லாத ஓங்கில் அது. வேறு குடும்பம்தான், மூஞ்சி மட்டும் அச்சாக மெசோபிளோடனுடையது.

இரத்மலானைத் திமிங்கிலத்தின் பெயர் இரண்டு ஆண்டுதான் நிலைத்தது. ஜப்பானில் 1958இல் விவரிக்கப்பட்ட ஜிங்கோடென்ஸ் என்ற இனமே இதுவும் என்று பிறநாட்டு ஆய்வாளர்கள் சேர்த்துவிட்டார்கள். தெரணியகல 1976இல் காலமானார். அந்தத் திமிங்கிலத்தின் எலும்பை யாரும் எறியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய செய்தி.

பிற்காலத்தில் திமிங்கில ஆய்வாளர் மெரல் டேல்பூட்டின் குழுவினர் மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாத்தி, பல்மைரா தீவுகளில் ஒதுங்கியவற்றையும் இலங்கையின் எலும்பையும் சேர்த்து ஏழு மாதிரிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில்தான் நல்ல தசை கிடைத்தது. மற்றவற்றில் எலும்பைத் துளைத்தெடுத்த தூளிலிருந்து டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்தார்கள். 2014இல் முடிவு வந்தது: இது தனி இனம். தெரணியகல வைத்த பெயர் மீண்டது.

எங்கள் கொக்கிளாயிலிருந்து திருகோணமலைப் பக்கம் போகப் போக, ஆழ்கடல் கரைக்குக் கிட்ட வருகிறது. அளம்பிலிலோ முல்லைத்தீவிலோ இப்படியொரு மூஞ்சி ஒதுங்கினால், புதைக்க முன் கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் படமெடுங்கள்; வாலிலிருந்து மூஞ்சி வரை அளந்து எழுதுங்கள்; அதிகாரிகளிடம் தலையைக் காப்பாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.