சில்லும் சொல்லும்



சொல்லை மறைத்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது பல மொழியினரிடத்தும் உள்ள பொழுதுபோக்கு. ஆங்கிலச் சிறுவரின் தூக்குமர விளையாட்டு இவ்வகையினது. ஒருவர் தாம் நினைத்த சொல்லை எழுத்துக்கொரு கோடாகத் தாளில் இடுவார். மற்றவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்பார். சரியான எழுத்து கோட்டில் ஏறும்; பிழையானால் தூக்குமரத்தில் தொங்கும் உருவத்துக்கு ஓர் உறுப்புக் கூடும். உருவம் முற்றுப்பெறுமுன் சொல்லைக் கண்டறிதல் வேண்டும்.

சிறுவயதிலே நெடும்பயணங்களின்போது சகோதரியுடன் ஆடிய இவ்விளையாட்டே தமக்கு வழிகாட்டியதென அமெரிக்கரான மேர்வ் கிறிபின் கூறியுள்ளார். அவர் உருவாக்கிய ‘வீல் ஒஃப் போர்ச்சூன்’ என்ற போட்டி நிகழ்ச்சி 1975 ஜனவரி 6ஆம் திகதி என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. தூக்குமரம் நீங்கிப் பெரியதொரு சில்லு அவ்விடத்தைப் பெற்றது. போட்டியாளர் மூவரும் முறைக்கு முறை அதனைச் சுழற்றி, அது காட்டும் தொகைக்கு ஒரு மெய்யெழுத்தைக் கேட்பர். உயிரெழுத்தையோ 250 டொலர் கொடுத்து வாங்க வேண்டும். ‘வங்குரோத்து’ என்ற இடத்தில் சில்லு நின்றால் அச்சுற்றில் சேர்த்த பணம் முழுவதும் போய்விடும்.

சில்லு அதிர்ஷ்டத்தின் சின்னம். ஆயினும் வெற்றியைத் தீர்மானிப்பது மொழிப் பயிற்சியே. இறுதிச் சுற்றில் ஐந்து மெய்களையும் ஓர் உயிரையும் தெரிவுசெய்ய விட்டபோது பெரும்பாலானோர் ஆர், எஸ், ரி, எல், என், ஈ என்ற ஆறையே கேட்டனர். ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் எழுத்துகள் இவை என்பதை அவர்கள் பழக்கத்தால் அறிந்திருந்தனர். எனவே 1988 முதல் நிகழ்ச்சியினரே அந்த ஆறையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, மேலும் மூன்று மெய்களையும் ஓர் உயிரையும் கேட்கச் செய்தனர்.

1987இல் இந்நிகழ்ச்சி கொமடோர் 64, ஐ.பி.எம். முதலிய கணனிகளுக்கான விளையாட்டாக வெளிவந்தது. நின்ரெண்டோ விளையாட்டுப் பொறிக்கும் பின்னர் வந்தது. சில்லு, எழுத்துப் பலகை, எழுத்தைத் திருப்பும் பெண்ணின் சிறு உருவம் யாவும் திரையில் தோன்றின. ஆனால் டொலர் வெறும் இலக்கமாயிற்று. கையில் கிடைக்கும் பரிசு எதுவுமில்லை. அப்படியிருந்தும் மக்கள் விரும்பி ஆடினர். பரிசை நீக்கிய பின்னும் எஞ்சி நின்ற இன்பம் சொல்லின் இன்பமே என்பது இதனாற் புலனாகும்.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. தொலைக்காட்சியில் விடையை வாயாற் கூறினால் போதும். கணனியிலோ விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகப் பதிக்க வேண்டும். கணனிக்குப் பொருள் தெரியாது. பதித்த எழுத்தையும் தன்னிடமுள்ள எழுத்தையும் ஒப்பிட மட்டுமே தெரியும். ஓரெழுத்துப் பிழைத்தாலும் விடை பிழை.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பேச்சிலே ழகர, ளகர வேறுபாட்டை நெகிழவிடுவோரின் குறை எழுத முற்படும்போதே வெளிப்படுகிறது. விளையாட்டாகவேனும் சொல்லை எழுத்தெழுத்தாக நோக்கும் பழக்கம் மாணவர்க்கு வாய்க்குமாயின், அதுவே அவர்கள் பெறும் பெரும் பரிசு எனலாம்.