தொலைநோக்கியும் படக்கருவியும் இணைந்த வரலாறு

ரவாங் நகருக்குப் புதுக்கருவிகள் புதியனவல்ல. 1894-ஆம் ஆண்டிலேயே தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் அங்கிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவினர். மலாயாவின் மின்சார வரலாறு அவ்வாறு தொடங்கிற்று. அந்நகரிலிருந்து மேற்கே, முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாகச் சென்றால் கோல சிலாங்கூரை அடையலாம். அங்குள்ள இயற்கைப் பூங்கா 1987-இல் அமைந்தது. சைபீரியக் குளிரினின்று தப்பி வரும் உள்ளான் இனங்கள் அக்கடற்கரைச் சேற்றில் இரை தேடும். மனிதர் சற்றே நெருங்கினும் அவை பறந்துவிடும். காண விழைபவர்க்குத் தொலைநோக்கியே துணை.

காண்பது எளிது, கண்டதைப் பதிவு செய்வதே அரிது. அமெரிக்க ஓவியர் ஆடுபன் (1785–1851) பறவைகளைச் சுட்டு வீழ்த்தித்தான் வரைந்தார். புகைப்படக் கலை அக்கொடுமையைப் போக்கிற்று. ஆயினும் பெருவில்லைகளின் விலை ஆசிரியர் போன்ற எளியோர்க்கு எட்டவில்லை. தொலைநோக்கியில் படச்சுருள் கருவியைப் பொருத்த முயன்றவர்களும் உண்டு. ஒளி போதாமையால் படம் மங்கும். சிறு நடுக்கமும் அதைக் கெடுக்கும். பிழை யாதென அறியச் சுருளைக் கழுவும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பறவையா காத்திருக்கும்?

இந்நிலையை மாற்றியவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர் மலேசியப் பறவை ஆர்வலர், மறைந்த லாரன்ஸ் போ. 1999-இல், ஏறக்குறையத் தற்செயலாகவே, சிறிய டிஜிட்டல் படக்கருவியைத் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையோடு சேர்த்துப் படமெடுத்தார். படம் வியக்கத்தக்க தெளிவுடன் அமைந்தது.

இதன் அடிப்படை பள்ளி இயற்பியலே. கண்ணருகு வில்லையினின்று ஒளிக்கதிர்கள் இணையாக வெளிவருகின்றன. விழி இருக்க வேண்டிய இடத்தில் படக்கருவியின் வில்லை அமர்ந்து அவற்றைக் குவிக்கிறது. 20 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் 50 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லையை வைத்தால், 1000 மில்லிமீட்டர் வில்லைக்கு ஒப்பான ஆற்றல் கிட்டும். பெரிய படக்கருவியைவிடச் சிறியதே இதற்கு ஏற்றது. கண்ணருகு வில்லை தரும் மெல்லிய ஒளிக்கற்றை சிறுவில்லைக்குள் முழுமையாக நுழையும். அவ்வாண்டில் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 இத்துறையினரின் விருப்பக் கருவியாயிற்று. 21 இலட்சம் படப்புள்ளிகள்தாம். எனினும் உடல் இரு பகுதியாகத் திரும்பும், வில்லை வெளியே நீளாது, எடுத்த படம் உடனே திரையில் தெரியும். படத்தைச் சுற்றி விழும் கருவளையத்தை வில்லையைச் சிறிது நெருக்கி அகற்றினர். இணைப்பு வளையம் கிடைக்காதவர்கள் கையாலேயே பிடித்து எடுத்தனர்.

இம்முறைக்கு 'டிஜிஸ்கோப்பிங்' எனப் பெயர் சூட்டியவர் பிரான்ஸ் நாட்டுப் பறவை ஆர்வலர் அலேன் ஃபொசே. அதுவும் 1999-இல்தான். பெயர் உலகெங்கும் பரவிய அளவுக்கு லாரன்ஸ் போவின் புகழ் அவர் பிறந்த மண்ணிலேயே பரவாதது வருந்தத்தக்கது. இன்று அதே கண்ணருகு வில்லையில் கைப்பேசியை வைத்து மாணவர்களும் கொக்கைப் படமெடுக்கின்றனர்.